இலை மடிக்கும் கை

எந்த ஊர்ப் பாத்திரக்கடைக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு வாழையிலை கண்ணில் படுகிறது. பச்சை மெலமைனில் ஒன்று, எவர்சில்வரில் நரம்பு வரி ஓட அச்சடித்தது இன்னொன்று. நகைக்கடைப் பக்கம் போனால் வெள்ளியில் தட்டிய நுனியிலை, சிவப்புத் துணி விரித்த பெட்டிக்குள் படுத்திருக்கிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. நடுத்தண்டு, ஓரத்து நெளிவு, நுனியில் ஒடுங்கும் விதம் என எல்லாமே உண்மையான இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்தவை.

அதில் சாப்பிட்டவர் எழும்போது என்ன செய்வார்?

வாழையிலையில் சாப்பிட்டவர் எழுவதற்கு முன் இலையை மடிப்பார். மேல்பாதியைத் தன் பக்கமாக மடித்தால் வயிறும் மனமும் நிறைந்தது, உறவு தொடரட்டும் என்று பொருள். துக்க வீட்டில் மடிப்பு எதிர்ப்பக்கம் போகும் என்பது பல குடும்பங்களின் வழக்கம். வாய் திறந்து சொல்லாத நன்றியும் சொல்ல முடியாத துயரமும் அந்த ஒரு மடிப்பில் அடங்கிவிடுகின்றன. வெள்ளி இலை மடங்காது. நீர் தெளித்துத் துடைப்பது, நுனி இடப்பக்கம் இருக்கப் போடுவது, சோற்றில் குழி செய்து ரசம் ஓடிவிடாமல் விரலால் அணை கட்டுவது ஆகிய எதுவும் அதில் நடக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு விளிம்பு இருக்கிறது. இலையின் உருவம் வந்துவிட்டது. இலையோடு இருந்த செயல் வரவில்லை.

விருந்திலிருந்தும் சடங்கிலிருந்தும் கருத்தெடுத்து நகையும் பாத்திரமும் செய்வது இன்று நல்ல வரவேற்புள்ள தொழில். இட்லியும் வடையும் காதணியாகத் தொங்குகின்றன, குத்துவிளக்கு பதக்கமாகிறது, கோலப்புள்ளிகள் பீங்கான் தட்டில் ஏறுகின்றன. இளைய தலைமுறை தன் வீட்டுப் பொருளைப் பெருமையோடு பார்க்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம் இது, வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன: வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த வடிவத்தைப் பெற்றெடுத்த கை அசைவை விட்டுவிடுகின்றன. நம் பாத்திரங்களும் நகைகளும் பிறந்த வழி இதற்கு நேர்மாறானது.

தமிழர் விருந்தில் ஒரு விசித்திரம் உண்டு. சாப்பிடும் தட்டுக்கு அலங்காரமே கிடையாது, ஒருவேளைக்குப் பிறகு மாட்டுக்குப் போகும் இலைதான் தட்டு. உலகின் பல நாடுகளில் கைத்திறன் முழுவதும் உண்கலத்தின் மேல் இறங்கியது. இங்கே அது சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பொருள்களில் இறங்கியது. வாசலில் வரவேற்கும் பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, கற்கண்டுத் தட்டு, குங்குமச் சிமிழ் எல்லாம் முன்னால் வருபவை. வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, படிக்கம் எல்லாம் பின்னால் வருபவை. நடுவில் பரிமாறும் பாத்திரங்கள்.

பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீண்டு ஒல்லியான கழுத்து, உச்சியில் ஊசித்துளைகள், அடியில் கனத்த குடம். பாரசீகத்திலிருந்து நவாபுகளின் அவைகள் வழியே இந்திய வீடுகளுக்கு வந்த வடிவம் அது. மணிக்கட்டை ஒருமுறை வெட்டினால் நாலைந்து துளி மட்டும் விழும், வந்தவரின் பட்டு நனையாது. கீழே வைத்தால் அடிக்கனத்தில் ஆடாமல் நிற்கும். இன்று பல மண்டப வாசல்களில் மின்சாரத்தில் இயங்கும் பொம்மை அந்த வேலையைச் செய்கிறது. பன்னீர் என்னவோ மேலே விழத்தான் செய்கிறது. ஆனால் பெண் வீட்டார் சார்பில் ஒரு சித்தியோ அத்தையோ நின்று, முகம் பார்த்து, "வாங்க" என்று சொல்லித் தெளிப்பதற்காகச் செய்த செம்பு அது. ஒரு மனிதரை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்த பொருள்.

பந்தியின் பாத்திரங்களும் அப்படித்தான். சாம்பார் வாளிக்கு ஏன் வாளிப் பிடி? உண்பவர் தரையில், வரிசையாக. பரிமாறுபவர் குனிந்தபடி நடந்துகொண்டே இருக்க வேண்டும். இடக்கையில் கொதிக்கும் வாளி, வலக்கையில் நீண்ட கரண்டி. நெய்க்குத் தனியாகச் சிறு கிண்ணமும் விரல் நுனி அளவு கரண்டியும் இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. பருப்பின் மேல் அது முதலில் விழும் அந்த நொடிக்கு ஒரு மரியாதை தேவைப்பட்டது. மேசை நாற்காலிப் பந்தி வந்த பிறகும் அதே வாளியைத்தான் பயன்படுத்துகிறோம், பரிமாறுபவரின் முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். இந்திய அரசின் அழைப்பில் வந்து நாடு முழுவதும் சுற்றிய அவர்கள் 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் விளைவாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களிலேயே தலைசிறந்தது என்று அவர்கள் சுட்டியது கோயிலையோ பட்டையோ அல்ல, சாதாரணச் செம்பை. அதை வடிவமைப்பதாக இருந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலும் போட்டார்கள். எவ்வளவு நீர், தூக்கும் கையின் அளவு, தலையிலா இடுப்பிலா கையிலா, நிறைந்தபோதும் காலியானபோதும் எடை எங்கே நிற்கும் என்று போகும் அந்தப் பட்டியலில், அதை ஒருவருக்குக் கொடுக்கும்போது எப்படி இருக்கும் என்ற கேள்வியும் இருந்தது. தனி ஒருவர் இதை வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறைகள் செய்தது என்று முடித்தார்கள்.

கொடுப்பதற்காக உருவான பொருள் என்றால் தாம்பாளத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் திருமண உறுதி என்ற சடங்குக்கே பெயர் நிச்சயதாம்பூலம். பேச்சு வழக்கில் இன்னும் சுருக்கமாக, "தட்டு மாத்தியாச்சா?" என்று கேட்பார்கள். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. இரண்டு குடும்பங்கள் வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு இரண்டு தட்டுகளைக் கைமாற்றினால் சொல் கொடுத்தாயிற்று. அகலமான தட்டு, பொருள் சரியாதபடி எழும்பிய விளிம்பு, ஒரு கையால் தூக்க முடியாத அளவு. கொடுப்பவரும் வாங்குபவரும் இரண்டு கைகளையும் நீட்டியே ஆகவேண்டும் என்று அந்த அளவே கட்டாயப்படுத்துகிறது. பணிவைச் சொல்லிக் கொடுக்கும் வேலையைப் பாத்திரம் செய்கிறது. அதை ஒரு கையில் அடங்கும் அலங்காரத் தட்டாகக் குறுக்கி, ஓரத்தில் முத்து ஒட்டி விற்கும்போது குறைவது சில அங்குலம் மட்டும் அல்ல.

தாம்பூலத்தைப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையும், புகையிலை சேராத வெற்றிலைச் சுருளையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக வகைப்படுத்தியது. வாய்ப்புற்று எத்தனை வீடுகளைக் கலைத்திருக்கிறது என்பது நம் மருத்துவமனைகளுக்குத் தெரியும். மெல்லும் பழக்கம் குறைந்தது நல்லதே. ஆனால் மெல்லும் பழக்கத்தோடு சேர்ந்து பாக்குவெட்டியும் அடையாளம் தெரியாத பொருளாகிவிட்டது. இரண்டு கரங்கள், ஒரு கீல், உள்ளே ஒரு கத்தி, இவ்வளவுதான் அதன் அமைப்பு. அதற்குள் நம் கொல்லர்கள் கிளியைக் கண்டார்கள், குதிரையைக் கண்டார்கள், தழுவி நிற்கும் ஆணையும் பெண்ணையும் கண்டார்கள். பாக்கு வெட்டும்போது கிளியின் அலகு திறந்து மூடும். ஸாமுவேல் ஐலன்பர்க் என்ற கணித அறிஞர் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் செய்த பாக்குவெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1990களின் தொடக்கத்தில் அந்தத் தொகுப்பைப் பற்றி ஹென்றி பிரௌன்ரிக் ஒரு நூலே எழுதினார். இங்கே அதே பொருள் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

உண்கலமும் அணிகலனும் ஒரே மூச்சில் வருவது நம்மிடம் புதிதல்ல. இரண்டிலும் 'கலம்', 'கலன்' என்று ஒரே சொல் ஒலிக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டும் மகளிரின் கைவளையையும் சேர்த்தே காட்டுகிறார். மண்ணுக்குள்ளும் அப்படித்தான் கிடைத்தது. தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்பில் கிடக்கும் ஆதிச்சநல்லூர் இடுகாட்டை 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கிண்ணங்களும் வடிகட்டிகளும் வெளிவந்தன. வெண்கல மூடிகளின் உச்சியில் எருமை, ஆடு, சேவல் என்று உயிர்கள் நிற்கின்றன. மூடியைத் தூக்கப் பிடி வேண்டும், அந்தப் பிடியே சேவலாயிற்று. பட்டத்தின் இரு முனைகளிலும் நூல் கோத்துக் கட்டத் துளை இருக்கிறது, எனவே யாரோ ஒருவர் இறந்தவரின் தலைக்குப் பின்னால் கைவைத்து முடிச்சிட வேண்டும். விருந்துப் பாத்திரமும் நகையும் கடைசிப் பயணத்துக்கு ஒன்றாகப் போயின. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கும் ஒரு பள்ளி மாணவிக்கு "வெண்கல மூடி" என்ற இரண்டு சொல் போதாது. இதை எப்படித் தூக்கினார்கள், உள்ளே என்ன இருந்திருக்கும் என்று யாராவது அவளிடம் பேச வேண்டும்.

நகையில் செயல் எப்படி வடிவமாகிறது என்பதற்குத் தாலியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. திருமணத்தன்று மஞ்சள் கயிற்றில் தொங்குவது வெறும் தொடக்கம். சில மாதம் கழித்து, ஒற்றைப்படை மாதம் பார்த்து, தாலி பிரித்துக் கோக்கும் சடங்கு. சுமங்கலிகள் கூடுவார்கள், சாப்பாடு நடக்கும், புகுந்த வீட்டாரும் பிறந்த வீட்டாரும் கொடுத்த குண்டு, மணி, காசு, பவளம் எல்லாம் கயிற்றில் ஏறும். ஆடிப்பெருக்கில் கயிறு மாற்றுவார்கள். அதாவது இது ஒருமுறை செய்து முடித்த நகை அல்ல. அவிழ்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் என்றே ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு வளையம், ஒரு துளை. குடும்பம் வளர வளர நகையும் வளரும். ஆசாரி பற்றவைக்காமல் விட்ட அந்த இடைவெளிகளில்தான் உறவினர் கைகளுக்கு இடம் இருந்தது.

நகரத்தாரின் கழுத்திரு இந்த எண்ணத்தின் உச்சம். கைவிரல்போல் கூர் நீட்டிய பொற்பதக்கங்களும் உருக்களும் சேர்ந்த அது கல்யாணத்தில் பெண்ணின் கழுத்திலிருந்து இடுப்புவரை இறங்கும். அன்றாடம் அணிய முடியாத கனம். அடுத்துப் பெட்டியிலிருந்து வெளிவருவது சாந்திக் கல்யாணமான அறுபதாம் ஆண்டு நிறைவில். நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு விருந்துகளுக்காகச் செய்த நகை என்றால், அதன் காலக்கணக்கே வேறு. இன்றைய கடைகளில் அதே பதக்கம் சிறிதாக்கி, சங்கிலியோடு பற்றவைத்து, 'பாரம்பரிய மாடல்' என்று தொங்குகிறது. அணிபவருக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் யாரும் எதையும் சேர்க்க அதில் இடம் இல்லை.

நகையும் சமையலறையும் நேராகச் சந்திக்கும் பொருள் ஒன்று உண்டு: இடுப்பில் செருகும் வெள்ளிச் சாவிக்கொத்து. மேலே அன்னமோ மயிலோ கொண்ட கொக்கி, சேலைக் கொசுவத்துக்குள் இறங்கும் நாக்கு, கீழே வளையம். உக்கிராண அறையின் சாவி யாரிடமோ, அவர் பேச்சுக்குத்தான் அந்த வீட்டின் விருந்து கட்டுப்படும். நடக்கும்போது வரும் கிலுங்கல் சத்தமே அதிகாரத்தின் ஒலி. இன்றும் சீர்வரிசையில் சாவிக்கொத்து கொடுக்கிறார்கள், பெரும்பாலும் அது பீரோவைவிட்டு வெளியே வருவதில்லை. அலுவலகம் போகும் பெண்ணின் வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, அடையாள அட்டை ஆகியவற்றுக்கு அந்தக் கொக்கியை மாற்றி யோசிக்க ஒரு நல்ல வடிவமைப்பாளருக்கு எவ்வளவு இடம் கிடக்கிறது! மயிலை மட்டும் வெட்டியெடுத்துக் காதில் மாட்டுவதைவிடக் கடினமான வேலைதான். செய்யத்தக்க வேலை அதுவே.

உருவத்தை மட்டும் எடுக்கும் வழக்கத்துக்கு நம்மிடம் ஒரு முன்கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு மதராஸில் 'சுவாமி வெள்ளி' என்ற பாணி புகழ்பெற்றிருந்தது. மௌண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆங்கிலேயருக்காகத் தேநீர்க் கூஜா, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம் செய்து, அவற்றின் உடம்பெல்லாம் தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பின. நம் தட்டார்களின் உளித்திறன் அதில் தெரிகிறது. ஒவ்வொரு சாமியின் கையும் ஆயுதமும் சரியாக இருக்கும். ஆனால் பாலில் குளிக்க வேண்டிய தெய்வம் தேநீருக்குப் பால் ஊற்றும் குவளையின் பக்கவாட்டில் நின்றது. வாங்கியவருக்கு அது அழகிய 'கிழக்கு'. செய்தவரின் வீட்டில் அந்தக் குவளைக்கு வேலையே இல்லை. இன்று நம்மவர் கடைகளில் நம்மவருக்கே இதே பாணியில் பொருள் வருவதுதான் கவலை தருகிறது.

வழக்கத்தை விட்டுவிடாமல் வடிவத்தையும் காப்பாற்றிய ஊர்களும் உண்டு. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை தெய்வத்துக்காகப் பிறந்தது, பிறகு பரதநாட்டிய மேடைக்கு வந்தது. சிவப்புக் கெம்புக் கற்களை அடைத்துப் பதிக்கும் முறை, தலையின் இரு பக்கமும் சூரியனும் சந்திரனும் என்ற அமைப்பு, ஆடினாலும் நழுவாமல் கட்டும் நூல்கள் என எல்லாம் மேடையிலும் வேலை செய்கின்றன. பார்ப்பவர் தூரத்தில், அணிந்தவர் எல்லோர் கண்ணுக்கும் நடுவில் என்ற நிலை கருவறையிலும் மேடையிலும் ஒன்றே. அதனால்தான் அந்த நகை இன்னும் உயிரோடிருக்கிறது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. டபரா டம்ளரும் அப்படியே. காப்பியை ஆற்ற வேண்டும், சூட்டில் விளிம்பைப் பிடிக்க வேண்டும் என்ற தேவை இருக்கும்வரை அதற்குப் பாதுகாவலர் தேவைப்படாது.

ஆனால் அந்த விளிம்புக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கத்துக்கு அது துணை நின்றது. எச்சில் என்ற எண்ணம் தீட்டு என்ற எண்ணத்திலிருந்து வெகுதூரம் இல்லை. தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்கென்று தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை முறை பாத்திரத்தைக் கொண்டே மனிதரைப் பிரித்தது. 1924-25இல் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி நடந்ததை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய போராட்டம் தமிழக அரசியலையே திருப்பியது. கணவனை இழந்தவரின் கையிலிருந்து வளையை உடைத்ததும், குங்குமச் சிமிழை அவரைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டியதும் இதே பொருள்களின் கதைதான். விருந்துச் சடங்கை அழகின் ஊற்றாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போகிறார்கள். செயலைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பூ வேலைப்பாட்டை மட்டும் பார்த்தால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று தெரியாது. யார் யாருக்கு நீட்டினார், யாரைத் தாண்டிப் போனார் என்று பார்த்தால் தெரியும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீளும் சிமிழை, வரிசையில் யாரையும் தாண்டாத தட்டை இன்றைக்குச் செய்ய முடியும்.

வடிவமைப்பு படிக்கும் மாணவர்களை நூலகத்துக்கும் இணையப் படங்களுக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு வேளை பரிமாற விடலாம். வாளியின் பிடி எங்கே வெட்டுகிறது என்று உள்ளங்கை சொல்லும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்காரரையும் வடசேரி ஆசாரியையும் மாதிரியைப் பார்த்துச் செய்து தருபவராக அல்ல, கூடவே உட்கார்ந்து யோசிப்பவராக அழைக்கலாம். அகமதாபாத்தில் சுரேந்திர படேல் 1981இல் தொடங்கிய 'வேசார்' பாத்திர அருங்காட்சியகம் ஓர் உணவகத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பாத்திரங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். இத்தனை வெண்கலமும் பித்தளையும் செம்பும் புழங்கிய தமிழ்நாட்டில், காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ அப்படி ஓர் இடம் எழ வேண்டும்.

அதற்குள் நிறைய உருகிப்போகும். பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்குவது இரண்டு தலைமுறைப் பழக்கம். அப்படி வரும் அண்டா, குடம், தாம்பாளங்களின் கழுத்திலோ விளிம்பிலோ பெயர் வெட்டியிருப்பார்கள். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், ஊரின் முதலெழுத்து, சிலவற்றில் தேதியும். எந்தக் காதுகுத்தில், எந்தப் புதுமனை புகுவிழாவில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று புள்ளி புள்ளியாகக் கொத்திய பதிவு அது. நம் விருந்துகளுக்கு இதைவிட நம்பகமான ஆவணம் வேறில்லை. பழைய பாத்திரம் வாங்கும் கடைகள் உலைக்கு அனுப்பும் முன் வடிவத்தை ஒரு படமும் பெயர் வெட்டிய இடத்தை ஒரு படமும் கைப்பேசியில் எடுத்து வைக்கலாம். பாத்திர வணிகர் சங்கங்கள் கேட்டுக்கொண்டால் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இது. அடுத்த முறை தாம்பாளத்துக்குப் புது வடிவம் தேடி வரும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்தப் படங்கள்.